காலியிடம் என்று எழுதப்பட்ட பூங்கா

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் நான் கேட்டிருந்த தீர்மான நகல் 2019ஆம் ஆண்டு தை மாதக் கடைசியில் பதிவுத் தபாலில் வந்து சேர்ந்தது. உறையைப் பிரித்தால் உள்ளே ஒரே ஒரு தாள். எங்கள் குடியிருப்பின் சர்வே எண்ணையும் உட்பிரிவையும் குறிப்பிட்டு, "மேற்படி இடம் உபயோகமின்றிக் காலியாக உள்ளதால்" அதில் நுண் உரமாக்கும் மையம் அமைத்துக்கொள்ளலாம் என்று நான்கு வரிகள் இருந்தன. கீழே தனி அலுவலர் என்ற முத்திரையும் ஒரு கையொப்பமும். இரண்டு வேம்பும் ஒரு நாவலும் நான்கு பூவரசும் நின்ற, மாலை நான்கு மணிக்கு மேல் பிள்ளைகளின் சத்தம் ஓயாத, 32 சென்ட் பரப்புள்ள எங்கள் பூங்கா அந்தத் தாளில் காலியிடம் ஆகியிருந்தது.

அந்தச் சொல் என்னை அத்தனை வருத்தியதற்குக் காரணம் உண்டு. பத்திரப்பதிவுத் துறையில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து 2014இல் ஓய்வுபெற்றவள் நான். 1993இல் இந்த மனைப்பிரிவு அங்கீகாரம் பெற்றபோது, மனை போட்டவர் சாலைகளையும் பூங்காவுக்கான இடத்தையும் உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுத்த தானப் பத்திரம், நான் இளநிலை உதவியாளராக இருந்த அலுவலகத்தில்தான் பதிவானது. அட்டவணைப் புத்தகத்தில் அதை என் கையால் எழுதினேன். பத்திரத்தோடு இணைத்திருந்த வரைபடத்தில் மனைகளெல்லாம் வெறும் கோடுகளாக இருக்க, வடகிழக்கு மூலையில் பூங்கா மட்டும் பச்சை மையால் தீட்டப்பட்டிருந்தது. தீட்டியவரின் கை சற்றே தவறி, பச்சை எல்லைக் கோட்டைத் தாண்டி வாய்க்கால் வரை இழுபட்டிருந்ததுகூட இன்னும் கண்ணில் நிற்கிறது. பூங்கா உபயோகத்துக்கென்றே கொடுப்பதாகவும், வேறு எந்த உபயோகத்துக்கும் அதைக் கொண்டுபோகக் கூடாது என்றும் பத்திரத்தில் வாசகம் இருந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து நாங்கள் அங்கே மனை வாங்கியதற்கும் அந்தப் பச்சை மூலைதான் காரணம்.

ஊரின் பெயரையும் அலுவலகத்தின் பெயரையும் நான் எழுதவில்லை. இது ஓர் அலுவலகத்தில் மட்டும் நடக்கும் காரியம் இல்லை என்பதாலும், என் கேள்வி ஆட்களைப் பற்றியதாக இல்லாமல் முறையைப் பற்றியதாக இருப்பதாலும், காவிரி டெல்டாவில் உள்ள ஒரு நகரம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

டெல்டாவின் மனைப்பிரிவுகளை அறிந்தவர்களுக்கு அந்த இடம் எப்படி இருந்திருக்கும் என்று சொல்லாமலே தெரியும். நஞ்சையைத் தூர்த்து மனை போடும்போது எந்த மூலை பள்ளமோ, எதை விற்க முடியாதோ, அதைத்தான் பூங்காவுக்கு ஒதுக்குவார்கள். எங்கள் பூங்காவும் அப்படித்தான். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நான்கு தெருக்களின் தண்ணீரும் அங்கே வந்து நின்று, இரண்டு மூன்று நாட்களில் வடிகால் வாய்க்காலுக்குள் மெல்ல இறங்கும். அந்த நாட்களில் பிள்ளைகள் விளையாட முடியாது. ஆனால் எங்கள் வீடுகளுக்குள் தண்ணீர் வராமல் இருந்தது அந்தப் பள்ளத்தால்தான். ஊஞ்சலும் சறுக்கு மரமும் இல்லாததால் அதைக் காலி என்று எழுதியவருக்கு, அது ஆண்டுக்கு இரண்டு மாதம் பார்க்கும் வேலை தெரிந்திருக்க நியாயமில்லை. அந்தத் தெருக்களில் குடியிருப்பவர்களைக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

கேட்பது என்றால் என்ன என்பதை நான் பார்த்தது 2011ஆம் ஆண்டில், வீட்டிலிருந்து வெகு தொலைவில். மகளின் பிரசவத்துக்காகத் துறையில் தடையின்மைச் சான்று வாங்கி, ஈட்டிய விடுப்பில் கலிபோர்னியா மாநிலத்தின் பாலோ ஆல்டோ நகரத்துக்குப் போயிருந்தேன். மகளும் மருமகனும் ஒரு மூதாட்டியின் வீட்டு மாடியில் வாடகைக்குக் குடியிருந்தார்கள். அக்டோபர் மாதத்தில் ஒரு நாள் அந்த அம்மாள் சமையலறை மேசையில் ஒரு கையேட்டை விரித்து வைத்து, பென்சிலால் கோடிட்டுக்கொண்டிருந்தார். நவம்பர் 8ஆம் தேதி வாக்களிக்க வேண்டியவர்களுக்கு வீட்டுக்கு வீடு அனுப்பப்பட்ட கையேடு அது. அதில் வேட்பாளர்களின் விவரங்கள் இருந்த பக்கத்தைத் தாண்டி அவர் நின்றிருந்தது, ஒரு பூங்கா நிலத்தைப் பற்றிய பக்கத்தில்.

ஊர்க்கோடியில், விரிகுடாவின் ஓரத்தில் பைக்ஸ்பி பூங்கா என்று ஒன்று இருக்கிறது. பல ஆண்டுகள் நகரத்தின் குப்பையைக் கொட்டி மூடிய மேடு; அந்த ஆண்டுதான் அங்கே குப்பை கொட்டுவதே முழுவதுமாக நின்றிருந்தது. மேட்டில் புல் முளைத்து, நடைபாதை போட்டு, சதுப்பில் கொக்குகள் நிற்பதைப் பார்த்துக்கொண்டே மக்கள் நடக்கும் இடம். பேரனைத் தள்ளுவண்டியில் வைத்து நானும் அங்கே நடந்திருக்கிறேன். அந்த நிலத்தில் 10 ஏக்கரைப் பூங்கா என்ற நிலையிலிருந்து விடுவித்து, இலைதழைக் கழிவையும் உணவுக் கழிவையும் பதப்படுத்தும் நிலையம் ஒன்றைக் கட்ட அனுமதிக்கலாமா, கூடாதா என்பதுதான் கேள்வி. உரம் தயாரிக்க ஒரு பூங்காவைக் கொடுக்கலாமா என்ற இதே கேள்வி ஏழு ஆண்டுகள் கழித்து என் வீட்டு வாசலுக்கு வரும் என்று அன்று நான் நினைக்கவில்லை.

நகர மன்றமே முடிவு செய்துவிடாதா என்று மகள் மூலமாக அந்த அம்மாளைக் கேட்டேன். முடியாது என்றார். அந்த நகரத்தின் அடிப்படைச் சாசனத்தில், பூங்காவுக்கென்று அர்ப்பணிக்கப்பட்ட நிலத்தை விற்கவோ வேறு பயன்பாட்டுக்கு மாற்றவோ வாக்காளர்களில் பெரும்பான்மையோர் தேர்தலில் ஒப்புதல் தர வேண்டும் என்று எழுதப்பட்டிருக்கிறது. 1965இல் எனிட் பியர்சன் என்ற பெண்மணி முன்னின்று நடத்திய முயற்சியால் சேர்ந்த பிரிவு அது. பின்னர் அவர் பத்தாண்டுகள் நகர மன்ற உறுப்பினராகவும் இருந்தார். அங்குள்ள குன்றுப் பகுதியின் காப்புநிலம் ஒன்று இன்று அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது.

கையேட்டின் அமைப்பைத்தான் நான் அதிகம் கவனித்தேன். வேலைப் பழக்கமாக இருக்கலாம். எந்த ஆவணத்தைக் கண்டாலும் யார் எழுதியது, எந்த இடத்தைப் பற்றியது, எதற்கு எல்லை வகுத்திருக்கிறது என்று பார்க்கத் தோன்றும். முதலில் நகரத்தின் சட்ட அலுவலர் இரு பக்கமும் சாயாமல் எழுதிய விளக்கம். அடுத்து ஆதரிப்பவர்களின் வாதம், அதற்கு மறுப்பு. எதிர்ப்பவர்களின் வாதம், அதற்கும் மறுப்பு. கடைசியில் சட்ட வாசகம் முழுவதும்: எந்த 10 ஏக்கர், அதில் என்ன மட்டும் கட்டலாம், பத்தாண்டுக்குள் அது நடக்காவிட்டால் நிலத்தை மீண்டும் பூங்காவாக அர்ப்பணிக்க மன்றத்துக்கு உள்ள அதிகாரம் என்ன என்பது வரை. ஒரு நல்ல கிரயப் பத்திரத்தின் சொத்து விவரத்தைப் போல நான்கெல்லையும் தெளிவாக இருந்தது. ஒரு நகரம் தன் குடிகளை மதிக்கிறதா என்பதை அது அவர்களுக்கு அனுப்பும் தாளிலேயே கண்டுகொள்ளலாம் என்று அன்று எனக்குத் தோன்றியது. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

எதிர்த்தவர்கள் பசுமையை விரும்புபவர்கள், ஆதரித்தவர்கள் அதற்குப் பகைவர்கள் என்றும் பிரிக்க முடியவில்லை. இரு பக்கமும் சூழலியலாளர்களே இருந்தார்கள். முன்னாள் மேயர் பீட்டர் டிரெக்மையர் ஆதரவுக்கு முன்னின்றார். முன்னாள் மன்ற உறுப்பினர் எமிலி ரென்செல் எதிர்ப்புக்கு முன்னின்றார். குப்பையை லாரியில் ஏற்றித் தொலைவுக்கு அனுப்பும் பாவத்துக்கு ஊரே பொறுப்பேற்க வேண்டும் என்றது ஒரு தரப்பு. பூங்கா என்று கொடுத்த வாக்கை இன்று நல்ல காரியத்துக்காக மீறினால், நாளை இன்னொன்றுக்காக மீறுவது எளிதாகிவிடும் என்றது இன்னொரு தரப்பு. எங்கள் வீட்டுக்கார அம்மாள் எதிர்த்து வாக்களித்தார். அவருடைய மகன் ஆதரித்து வாக்களித்தார். நூற்றுக்கு அறுபதுக்கும் மேற்பட்டோர் ஆதரிக்க, நிலம் விடுவிக்கப்பட்டது. மறுநாள் காலையில் அந்த அம்மாளின் முகத்தில் வருத்தம் இருந்தது. ஆனால் யாரோ தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்ற கசப்பு இல்லை. அந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நான் ஊருக்குக் கொண்டுவந்தேன்.

பின்னர் செலவுக் கணக்குகளைப் பார்த்த நகர மன்றம் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. நிலையம் கட்டப்படவே இல்லை. அனுமதி கொடுத்த பிறகும் ஒரு திட்டம் பொருந்தாமல் போகலாம், போனால் நிலம் நிலமாக மிஞ்சும் என்பதற்கு அந்த மேடு சாட்சி.

ஊர் திரும்பிய பிறகு இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். சான் டியேகோவின் சாசனம் இன்னும் கடுமையானது. அர்ப்பணிக்கப்பட்ட பூங்காவை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற, வாக்களிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் ஒப்புதல் வேண்டும். சான் பிரான்சிஸ்கோவில் பூங்கா நிலத்தை விற்கவும், பொழுதுபோக்குக்குத் தொடர்பில்லாத கட்டடத்தை அங்கே எழுப்பவும் வாக்காளர் ஒப்புதல் வேண்டும். டெக்சாஸ் மாநிலச் சட்டப்படி, நகராட்சி தன் பூங்காவை விற்பதற்குத் தேர்தலில் கேட்டாக வேண்டும். சியாட்டில் வேறு வழியில் போனது: 1997இல் ஏற்ற விதிப்படி, பூங்கா நிலத்தை எடுத்தால் அதே சுற்றுவட்டாரத்தில் அதற்கு ஈடான நிலத்தைப் பூங்காவாகக் கொடுக்க வேண்டும். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1972 முதல் இத்தகைய மாற்றத்துக்குச் சட்டமன்றத்தின் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். முறைகள் வெவ்வேறு, எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் எண்ணம் ஒன்று. இன்று பொறுப்பில் இருப்பவர்கள் பூங்காவுக்கு உடைமையாளர்கள் அல்லர், காவலர்கள்.

இந்த எண்ணம் நமக்குப் புதிது என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். சோழ நாட்டுக் கோயில்களின் சுவர்களில் திருநந்தவனப்புறமாக, அதாவது பூந்தோட்டத்தைப் பேணுவதற்கென்று விட்ட நிலங்களைப் பற்றிய கல்வெட்டுகள் ஏராளம். கொடுத்தவர்கள் தங்களுக்குப் பின்னால் வருபவர்களை நன்றாகவே அறிந்திருந்தார்கள். அதனால்தான் சந்திராதித்தர் உள்ளளவும் செல்வதாக என்று எழுதினார்கள். இந்தத் தர்மத்தைக் காத்தவர்களின் பாதம் என் தலைமேல் என்று எழுதினார்கள். பிற்காலக் கல்வெட்டுகளில், அழித்தவன் கங்கைக் கரையில் காராம் பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்றும் எழுதினார்கள். கொடுத்த பயன்பாட்டை மாற்றாதே என்று வருங்கால அதிகாரத்துக்கு வைத்த தடை அது. சாபத்துக்கு அஞ்சும் காலம் போய்விட்டது. அந்த இடத்தில் நம் காலத்தில் எதை வைத்திருக்கிறோம்?

எதுவுமே வைக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் ஆகியவற்றைப் பாதுகாக்க 1959லேயே நம் மாநிலத்தில் தனிச் சட்டம் வந்தது. உள்ளாட்சிகள் தங்கள் எல்லைக்குள் இருப்பவற்றைப் பட்டியலிட வேண்டும், பட்டியலில் உள்ளதை அரசின் முன் அனுமதியில்லாமல் வேறு உபயோகத்துக்கு மாற்றக் கூடாது என்பது அதன் சாரம். 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில் சாலைகள் நீங்கலாகப் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. அரசியல் சட்டத்தின் 74ஆவது திருத்தம் பூங்கா, தோட்டம், விளையாட்டுத் திடல் ஆகியவற்றை நகர உள்ளாட்சிகளின் பொறுப்புகளில் ஒன்றாகப் பன்னிரண்டாம் அட்டவணையில் எழுதி வைத்தது. ஆனால் இவை எல்லாவற்றிலும் அனுமதி கொடுப்பவர் மேலே இருக்கும் அதிகாரி. கேட்பவர் கீழே இருக்கும் அதிகாரி. பூங்காவில் உட்காரும் ஆள் இந்தக் கடிதப் போக்குவரத்தில் எங்குமே வருவதில்லை.

அந்த ஆள் உள்ளே வந்தது நீதிமன்றங்களின் வழியாகத்தான். பெங்களூரின் ராஜமஹால் விலாஸ் விரிவாக்கத்தில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடத்தை 1976இல் தனியார் மருத்துவமனை ஒன்றுக்குக் கொடுக்க அரசு ஆணையிட்டது. அக்கம்பக்கத்தில் குடியிருந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். 1991இல் உச்ச நீதிமன்றம், முத்தப்பா வழக்கு என்று இன்று அறியப்படும் தீர்ப்பில், அந்த ஒதுக்கீடு செல்லாது என்றதோடு, அந்தப் பகுதியில் குடியிருப்பவர்களுக்கு வழக்குத் தொடுக்கும் தகுதி உண்டு என்பதையும் உறுதி செய்தது. லக்னோவில் ஜண்டேவாலா பூங்காவுக்கு அடியில் வணிக வளாகம் கட்டிக்கொள்ள மாநகராட்சி ஒரு கட்டுமான நிறுவனத்துக்கு அனுமதி கொடுத்தது. 1999இல் உச்ச நீதிமன்றம் அதுவரை கட்டியதை இடித்துப் பூங்காவைப் பழையபடி ஆக்கச் சொன்னது. நிலத்தடியில்தானே கட்டுகிறோம், மேலே புல் போட்டுத் தந்துவிடுவோம் என்ற அதே சமாதானத்தை நியூயார்க் நகரமும் வான் கோர்ட்லாண்ட் பூங்காவில் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் அமைக்கும்போது சொன்னது. 2001இல் அந்த மாநிலத்தின் உச்ச நிலை நீதிமன்றம் அதை ஏற்காமல், சட்டமன்றத்தின் ஒப்புதலைப் பெற்று வரச் சொன்னது.

இந்தத் தீர்ப்புகளுக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனாலும் 1976க்கும் 1991க்கும் இடையில் 15 ஆண்டுகள் இருக்கின்றன. எங்கள் தெருவில் வழக்குக்கு வழியிருப்பவர்கள் இரண்டு வீட்டார். மதுரைக்கோ சென்னைக்கோ நடையாக நடக்க ஆள் இல்லை. கெட்டுப்போன பிறகு காப்பாற்றுவது நீதிமன்றம். கெடுவதற்கு முன் தடுத்து நிறுத்தும் ஓர் இடம், உள்ளூரில், மாலையில் வேலை முடிந்து நடந்துபோய்ச் சேரும் தூரத்தில் இருக்க வேண்டும்.

எங்கள் ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். 2016 அக்டோபரில் நகர உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19 அன்று. இடையில் ஐந்தாண்டுக்கும் மேலாகத் தமிழ்நாட்டின் நகரங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை. தனி அலுவலர்களே மன்றத்தின் இடத்தில் இருந்து தீர்மானங்களை எழுதினார்கள். பாலோ ஆல்டோவில் தேர்ந்தெடுத்த மன்றம் நினைத்தாலும் செய்ய முடியாத ஒன்றை, எங்கள் ஊரில் மன்றமே இல்லாமல் ஒரு கையொப்பம் செய்து முடித்தது. 2018 நவம்பரில், கஜா புயல் அடித்து ஓய்ந்த பத்தாம் நாள், விழுந்து கிடந்த பூவரசு இரண்டையும் அப்புறப்படுத்த வந்திருப்பதாக நினைத்து ஜேசிபி ஓட்டி வந்த தம்பிக்கு நான் மோர் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் மரத்தை ஒதுக்கிவிட்டு அஸ்திவாரத்துக்குக் கோடு கிழிக்கத் தொடங்கினார். இங்கே என்னப்பா கட்டுகிறார்கள் என்று கேட்டதற்கு, "தெரியலம்மா, இந்த அளவுக்குத் தோண்டச் சொன்னாங்க" என்றார்.

நான்கு மாதத்தில் தகரக் கொட்டகையும் அதற்குள் துளை வைத்த செங்கல் தொட்டிகளும் வந்தன. ஓராண்டு ஓரளவு ஒழுங்காக நடந்தது. பிறகு பிரிக்காத குப்பையும் வரத் தொடங்கியது. அங்கே வேலை பார்த்த தூய்மைப் பணியாளர் பெண்கள் நால்வருக்குக் கழிப்பறைகூடக் கட்டித்தரவில்லை. எங்கள் வீட்டில்தான் வந்து போவார்கள். அவர்கள் மேல் எனக்கு ஒரு துளியும் குறையில்லை. 2021 நவம்பர் மழையில், பள்ளத்தில் நிற்க வேண்டிய தண்ணீருக்குக் கொட்டகையின் சிமெண்ட் தளம் இடம் கொடுக்காததால், தொட்டிகளின் கறுப்புத் தண்ணீரையும் சேர்த்துக்கொண்டு மூன்றாம் தெருவுக்குள் புகுந்தது. என் நாத்தனார் வீட்டு நடுக்கூடத்தில் கணுக்கால் அளவு நின்றது. மறு ஆண்டு மையம் செயல்படுவது நின்றுபோனது. கொட்டகை நிற்கிறது.

உரம் தயாரிப்பதை நான் எதிர்க்கவில்லை. டெல்டாவில் ஆற்றங்கரை நெடுகக் குப்பை மேடுகள் எரிவதைப் பார்ப்பவர்கள் யாரும் எதிர்க்க முடியாது. எங்களைக் கூட்டிவைத்து, இடம் இல்லை, இந்த மூலையைக் கொடுங்கள், இவ்வளவு குப்பைதான் வரும், இவ்வளவு நாள்தான் இருக்கும் என்று எழுதிக் கேட்டிருந்தால், தளத்தை உயர்த்திக் கட்டுங்கள், தண்ணீர் நிற்கும் பக்கத்தை விட்டுவிடுங்கள், பணியாளர்களுக்குக் கழிப்பறை கட்டுங்கள் என்று சொல்லி, கொடுத்தும் இருப்போம். பாலோ ஆல்டோ வாக்காளர்கள் கொடுக்கத்தான் செய்தார்கள். வாக்காளர் ஒப்புதல் என்பது எல்லாவற்றையும் தடுக்கும் தாழ்ப்பாள் என்று அஞ்சுபவர்களுக்கு இதையே பதிலாகச் சொல்வேன்.

ஆனால் அந்த முறையை அப்படியே தூக்கிவந்து இங்கே நட்டுவிடலாம் என்றும் நான் நம்பவில்லை. இதைப் பற்றிப் பல இரவுகள் யோசித்திருக்கிறேன். வாக்குக்குப் பணம் கொடுப்பதும் வாங்குவதும் நம் பக்கத்தில் மறைக்கக்கூட முயலாத வழக்கமாகிவிட்டது. ஒரு பூங்காவின் விலை ஒரு வார்டின் வாக்கு விலையை விடப் பல மடங்கு அதிகம். ஊர் முழுவதும் வாக்களித்தால், ஊரின் மறு கோடியில் இருப்பவருக்கு எங்கள் 32 சென்டைப் பற்றி என்ன தெரியும்? எங்கள் தெருவில் மட்டும் வாக்கெடுத்தால் அது இன்னும் ஆபத்து. ஏனென்றால் அந்தப் பூங்காவை அதிகம் பயன்படுத்தியவர்கள் நாங்கள் அல்லர். வாய்க்காலுக்கு அப்பால், ஒற்றை அறை வீடுகளில் இருக்கும் விவசாயக் கூலித் தொழிலாளர்களின் பிள்ளைகள்தான் அங்கே கபடியும் கிரிக்கெட்டும் ஆடினார்கள். அந்தத் தெருப் பெண்கள்தான் நடவு முடிந்து வந்து வேம்படியில் உட்கார்ந்தார்கள். 2012இல் எங்கள் குடியிருப்போர் நலச் சங்கம் பூங்காவுக்குக் கம்பிவேலி போட்டுப் பூட்ட வேண்டும் என்று பேசியபோது, யாரை வெளியே நிறுத்தப் பூட்டுகிறோம் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். நானும் இன்னொருவரும் மட்டும் எதிர்த்தோம். பணம் சேராததால் அது நடக்கவில்லை. மனை வாங்கியவர்களுக்கு மட்டுமே வாக்கு என்றால் அந்தப் பூட்டு சட்டப்படியே விழும்.

ஆகவே கேட்கப்பட வேண்டியவர்கள் பூங்காவுக்கு நடந்து வரும் தூரத்தில் குடியிருக்கும் எல்லோரும். சொந்த வீடா, வாடகையா, புறம்போக்கா என்ற பேதம் கூடாது. இதற்கு ஒரு கூடம் நம் சட்டத்திலேயே இப்போது இருக்கிறது. கிராமங்களில் கிராம சபை கூடுவதைப் போல, நகரங்களில் வார்டுக் குழுவும் பகுதி சபாவும் அமைய 2022இல் தமிழ்நாடு விதிகளைக் கொண்டுவந்தது. அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று மாநிலம் முழுவதும் பகுதி சபாக்கள் கூட்டப்பட்டன. பேச்சு மட்டும்தானே, அதிகாரம் இல்லையே என்பார்கள். கிராம சபையையும் அப்படித்தான் சொன்னார்கள். 2013இல் ஒடிசாவின் நியம்கிரி மலையில் பாக்சைட் சுரங்கம் வரலாமா என்பதை முதலில் கிராம சபைகள் கருத வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது, மாவட்ட நீதிபதியின் மேற்பார்வையில் 12 ஊர்களில் கூடிய சபைகள் அனைத்தும் வேண்டாம் என்றன, சுரங்கம் வரவில்லை. நம் டெல்டாவிலும் ஹைட்ரோகார்பன் திட்டங்களுக்கு எதிராகக் கிராம சபைகள் போட்ட தீர்மானங்கள் குப்பைக்குப் போய்விடவில்லை. 2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்ததற்குப் பின்னால் அந்தக் குரல்களும் இருந்தன. பெரிய நிலத்துக்குச் செல்லும் நியாயம் 32 சென்டுக்கும் செல்லும்.

பகுதி சபாவில் நான் எழுதிக் கொடுத்த மனுவில் இதைத்தான் கேட்டிருக்கிறேன். பூங்கா, விளையாட்டுத் திடல், குளக்கரை எதையும் வேறு உபயோகத்துக்கு மாற்றும் முன், ஒரு மாதத்துக்குக் குறையாத காலம் கொடுத்து, வரைபடத்தோடும் இரு தரப்பு வாதங்களோடும் தமிழில் அச்சிட்ட அறிவிப்பைச் சுற்றியுள்ள எல்லா வீடுகளுக்கும் கொடுக்க வேண்டும். பகுதி சபாவில் மறைவான வாக்கெடுப்பு நடத்தி, மூன்றில் இரண்டு பங்கினர் ஒப்புக்கொண்டால் மட்டுமே தீர்மானம் மன்றத்துக்குப் போக வேண்டும். ஒப்புக்கொண்டாலும் எடுத்த அளவுக்கு நிலத்தை அதே பகுதியில் கொடுக்க வேண்டும். சொன்ன காரியம் குறித்த காலத்துக்குள் நடக்காவிட்டால் நிலம் தானாகவே பூங்காவாக மீள வேண்டும். மன்றம் இல்லாத காலத்தில் தனி அலுவலர் இத்தகைய தீர்மானம் எதையும் போடக் கூடாது. சிலர் மூன்றில் இரண்டு பங்கு மிகுதி என்றார்கள்; அங்கன்வாடி கட்டக்கூட முடியாமல் போய்விடும் என்றார்கள். அங்கன்வாடிக்கு அந்த மூலையைக் கேட்டால் நானே முதலில் கை தூக்குவேன். வாய்க்காலுக்கு அப்பால் இருப்பவர்களும் தூக்குவார்கள். அந்த அளவுக்குக்கூட ஆதரவு கிடைக்காத ஒரு திட்டத்துக்குப் பூங்காவைக் கொடுக்க அவசரப்பட வேண்டியதில்லை.

முதல் சபாவுக்கு எங்கள் தெருவிலிருந்து ஒன்பது பேர் வந்தோம். வாய்க்காலுக்கு அப்பாலிருந்து பதினேழு பேர் வந்தார்கள், அவர்களில் பதினான்கு பேர் பெண்கள். வார்டு உறுப்பினர் பொறுமையாகக் கேட்டார். விதியை மாற்றுவது தன் கையில் இல்லை, மேலே அனுப்புகிறேன் என்றார். அதை நான் ஏற்றுக்கொள்கிறேன். அவர் கையிலேயே இருக்கும் ஒன்றையும் சேர்த்துக் கேட்டேன். நகரத்தின் சொத்துப் பதிவேட்டில் எங்கள் சர்வே எண்ணுக்கு நேரே, விவரம் என்ற கலத்தில், இன்றைய தேதி வரை 'காலியிடம்' என்றுதான் இருக்கிறது. 1993ஆம் ஆண்டு தானப் பத்திரத்தின் சான்றிட்ட நகலையும், அந்தப் பச்சை மூலை தெரியும் வரைபடத்தையும் இணைத்து, அந்தச் சொல்லை அடித்துவிட்டுப் 'பூங்கா' என்று எழுதி, அடித்ததற்கு அருகே சிற்றொப்பம் இட வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். மனு பெற்றதற்கான ரசீது என்னிடம் இருக்கிறது. அடுத்த சபாவிலும் இதையே முதல் பொருளாகக் கேட்பதென்று, வேம்படியில் மிஞ்சியிருக்கும் இடத்தில் உட்கார்ந்து, இரு கரைக்காரர்களுமாகப் பேசி முடித்திருக்கிறோம்.